நாற்பத்தொரு விநாடி

"எங்க போறேன்னு மட்டும் கேட்காதே."

"கேட்டா என்ன, மைக் பிடிச்சு ஊரெல்லாம் சொல்லிடுவேனா?"

"நீயா சொல்லமாட்டே. பேச்சு வாக்குல வந்துடும். தெரியாத விஷயத்தை யாராலயும் உளற முடியாது பாரு."

"கட்டின பொண்டாட்டிகிட்ட மறைக்கற அளவுக்கு அங்க என்ன, இன்னொரு குடும்பம் வெச்சிருக்கீங்களா?"

"ஆமா. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர். முட்டைகூடப் போட்டாச்சு."

மூன்று வருஷத்துக்கு முன்பு சமையலறையில் நடந்த பேச்சு இது. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் சுவரில் சாய்ந்து நின்று, கேமரா பேட்டரிகளை ஒவ்வொன்றாகப் பழைய துணியில் சுற்றி முதுகுப்பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். முட்டை என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான். அதன் பிறகு அவளால் எதையுமே கேட்க முடியாமல் போனது.

அவன் நிலம் அளக்கிற சர்வேயர். வருஷம் பூராவும் அண்ணன் தம்பி வேலிச் சண்டைகளுக்கு நடுவே முக்காலியை நட்டுக்கொண்டு நிற்பவன். லீவையெல்லாம் சேர்த்துவைத்து, வெயில் ஏறத் தொடங்குகிற மாதத்தில் மலைக்குப் போய்விடுவான். செங்குத்துப் பாறை ஒன்றின் இடுக்கில் கூடு வைத்திருக்கும் வல்லூறு ஜோடியைப் படமெடுக்கத்தான். பதினொரு நாள், பதினான்கு நாள் என்று ஆகும். போன் அணைந்தே கிடக்கும். "அங்க சிக்னலே கிடையாது" என்று சொல்லியிருந்தான். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம் என்பதும் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அவன் சட்டைப்பையில் டிக்கெட்டுகள் இருக்கும்.

இடத்தைச் சொல்லாதது பறவைகளைப் படமெடுப்பவர்களின் தொழில் தர்மம். முன்பு இன்னொரு மலையில் இருந்த கூட்டைப் பற்றி யாரோ பெருமையாக வாய்விட்டதில், ஒரே மாதத்தில் கயிறு கட்டி இறங்கிக் குஞ்சுகளை எடுத்துப்போய் விற்றுவிட்டார்கள். தாய்ப் பறவை அந்தப் பக்கமே திரும்பவில்லை. அதனால் அவன் கூட்டைப் பற்றிச் சொந்த அம்மாவிடம்கூட மூச்சு விட்டதில்லை. அவளும் நியாயம்தானே என்று இருந்துவிட்டாள். நியாயமாக இருப்பதனால் வலிக்காமல் போய்விடுமா என்ன?

இப்போது படம் முடிந்துவிட்டது. ஊரில் வருஷா வருஷம் நடக்கிற வெளிவாழ்வுத் திரைவிழாவில், மூன்றாம் நாள் கடைசிப் படம் அதுதான். மாலை ஆறு மணிக்கு.

அந்தத் தியேட்டரில் பதினாறு வருஷமாகப் படம் ஓட்டுகிறவள் அவள். ஊருக்கே ஆபரேட்டரம்மா. மற்ற நாட்களில் சண்டைப் படமும் காதல் படமும் ஓட்டுவாள். விழா வந்தால் மூன்று நாளும் ஆறு, காடு, படகு, சைக்கிள், குப்பை மேடு, கொக்குகள். பார்க்க வருகிறவர்கள் சேற்றுக் காலணியோடு வருவார்கள்; வராந்தா முழுக்க முதுகுப்பைகள் மலையாகக் குவிந்திருக்கும். விழாவை நடத்துகிற நீச்சல் மாஸ்டர், பிளாஸ்டிக் பாட்டிலோடு யாராவது உள்ளே நுழைந்தால் கல்யாண வீட்டில் செருப்போடு பந்திக்கு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

மதியம் இரண்டரைக்கு, காலி அரங்கில் படத்தைச் சோதனைக்கு ஓட்டினாள். ஒவ்வொரு படத்துக்கும் அப்படித்தான். சத்தம் சரியா, நிறம் சரியா, எங்காவது நிற்கிறதா என்று பார்த்து நோட்டில் 'சரி' போட வேண்டும். கணவன் படம் என்பதற்காக விட முடியாது. வீட்டு லேப்டாப்பில் பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்த படம். எந்த இடத்தில் காற்று இரையும், எந்த இடத்தில் அவன் இருமலை வெட்டி எடுத்தான் என்பதெல்லாம் மனப்பாடம்.

பதினெட்டாவது நிமிஷத்தில் அந்தக் காட்சி வந்தது. படத்தின் உயிரே அதுதான். ஆண் பறவை பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கும். கேமரா அசையாது. பிறகு பறவை சிறகை மடித்துக்கொண்டு ஒரு கல்லைப்போலக் கீழே விழும்; விழுந்து, தரைக்கு மேலே வளைந்து எழும்பி, நகத்தில் இரையோடு கூட்டுக்குத் திரும்பும். நாற்பத்தொரு விநாடி. அதற்காக மூன்று வருஷம் காத்திருந்தான்.

முப்பதடித் திரையில் பறவை அவள் உயரத்துக்கு இருந்தது. நெஞ்சுச் சிறகுகளில் காற்று ஓடுவது தெரிந்தது. அவள் தன்னை மறந்து பார்த்தாள். பறவை விழுந்ததும் கண் தானாக மேலே, அது உட்கார்ந்திருந்த வெற்றிடத்துக்குப் போனது.

அங்கே, திரையின் மேல் ஓரத்தில், மலைமுகட்டில் ஒரு டவர்.

லேப்டாப்பில் அது ஒரு தூசி. துடைத்தால் போய்விடும்போல இருந்திருக்கும். இங்கே அது ஆளுயரத்துக்கு நின்றது. மூன்று வட்டத் தட்டுகள். நடுத் தட்டு கழன்று, ஒருக்களித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முகடு இரண்டாகப் பிளந்து, முன்பல் விழுந்த வாய்போல ஓர் இடைவெளி.

ஊருக்கு மேற்கே உள்ள குன்று அது. நடந்தால் ஒன்றரை மணி நேரம்.

ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினாள். சந்தேகமே இல்லை. அந்தத் தொங்கும் தட்டை அவள் ஒன்பது நாள் படுத்தபடியே பார்த்திருக்கிறாள். போன வருஷம் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஜன்னலில் தெரிந்த ஒரே பொருள் அந்த டவர்தான். "வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணும்" என்று நர்ஸ் கேட்க, மாமியார்தான் போட்டாள். இருபது தடவை போன் அடித்தார்கள். ஆறாம் நாள்தான் அவன் வந்தான், தாடியும் அழுக்குமாக. கட்டிலோரம் உட்கார்ந்து அழுதான். "தூரம்தானே, என்ன செய்வீங்க" என்று அவளே தேற்றினாள்.

தூரம்! அந்தப் பாறைக்கு மேலேயே நின்றது, ஊருக்கெல்லாம் சிக்னல் கொடுக்கிற டவர்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வந்த கோபத்துக்குப் பின்னாலேயே இன்னொரு எண்ணமும் வந்து நின்றது. வெளியூர் விழாவில் ஓட்டினால் யாருக்கும் இது தெரியப்போவதில்லை. அவர்களுக்கு இது ஏதோ ஒரு டவர். இன்று வருகிற நானூறு பேரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் குன்றில் ஏறி இறங்குகிறவர்கள். டவர் காலடியில்தான் சைக்கிளை நிறுத்துவார்கள்; பின்பக்கச் செங்குத்தை மட்டும் இதுவரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. நாளை விடிந்தால் பாதிப் பேர் பாறை விளிம்பில் கேமராவோடு படுத்திருப்பார்கள். அதற்கடுத்த வாரம் கயிற்றுக்காரர்கள் வருவார்கள். பறவைகள் போய்விடும்.

பறவைகள் போய்விட்டால் அவன் எங்கே போவான்?

அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நோட்டில் 'சரி' போட்டால் போதும். சத்தம் சரி, நிறம் சரி, எங்கும் நிற்கவில்லை. பொய்யும் இல்லை.

பேனாவை மூடித் திறந்தாள். திறந்து மூடினாள்.

"என்ன, பேனாவோட விளையாடிக்கிட்டிருக்கே?" கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மாமியார் வந்தாள். விழா நாட்களில் டிக்கெட் கிழிப்பது அவள் வேலை. கழுத்தில் அட்டை, கையில் டிபன் டப்பா. "ரொட்டியும் அவிச்ச முட்டையும் இருக்கு. காலைலேர்ந்து வெறும் டீ. மறுபடி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன் சொல்லிட்டேன்."

"வெச்சுட்டுப் போங்கத்தை."

"வெச்சா தின்னமாட்டே. என் கண்ணு முன்னால தின்னு."

அவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"படம் எப்படி ஓடிச்சு?"

"ஓடிச்சு."

"அவன் காலைலேர்ந்து நாலு சட்டை மாத்திட்டான். பொண்ணு பார்க்க வந்தப்பகூட ஒரே சட்டையோட வந்தவன்." மாமியார் முட்டையை மேஜை விளிம்பில் தட்டி உரித்தாள். "பையையும் கட்டி வாசல்ல வெச்சுட்டான் தெரியுமா? நாளன்னிக்குக் கிளம்பறானாம். படம்தான் முடிஞ்சுதேடான்னேன். இந்த வருஷம் குஞ்சு பொரிக்கறதைப் பார்க்கணுமாம். அவன் போய்ப் பார்க்கலேன்னா அதுங்க பொரிக்காதா?"

"நீங்க சொல்லவேண்டியதுதானே, போகாதேன்னு."

"நான் சொன்னா கேட்பானா? நீ கேளு. நீ கேட்டா இருப்பான்."

"நான் எதுக்குக் கேட்கணும்? அவருக்கா தோணவேண்டாமா?"

"தோணாது. இவங்கப்பாவுக்கும் தோணாது. தோணும் தோணும்னு நான் பாதி ஆயுசு காத்துக்கிட்டிருந்தேன். கடைசியில செத்துப்போகணும்னுதான் தோணிச்சு அந்த மனுஷனுக்கு." உரித்த முட்டையை மருமகள் கையில் திணித்தாள். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். "என்னடி, ஏதாவது கோளாறா? மெஷின்லயா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ நீதான் சரியில்ல."

"டிக்கெட் கவுன்டர்ல யார் இருக்காங்க அத்தை?"

"விரட்டறியா? போறேன் போறேன்." போகிறபோது கதவை மெதுவாகச் சாத்தினாள். எப்போதும் அறைந்து சாத்துகிறவள்.

நாலரை மணிக்கே வராந்தா நிறைந்துவிட்டது. ஆபரேட்டர் அறையின் சின்ன ஜன்னல் வழியே பேச்சு மேலே வந்தது. கீழே நாலைந்து பேர் படிக்கட்டில் உட்கார்ந்து காலணிச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"சர்வேயர் அந்தக் கூட்டை எங்கதான் பிடிச்சாரோ. கேட்டா வாயே திறக்கமாட்டேங்கறார்."

"இன்னிக்குப் படத்துல பார்த்துக் கண்டுபிடிச்சுடலாம்டா. பாறையைப் பார்த்தே நான் சொல்லிடுவேன்."

"நீ சொல்லுவே. போன தடவை வழி தவறி நம்மளை மாட்டுக் கொட்டகைல கொண்டுவந்து விட்டவன்."

"சிரிக்காதே. புது டிரோன் வாங்கியிருக்கேன். இடம் மட்டும் தெரியட்டும், கூட்டுக்குள்ள என்ன இருக்குன்னு எண்ணிக் காட்டறேன்."

நல்ல பையன்கள். ஏரியில் குப்பை பொறுக்க முதலில் வருகிறவர்கள் இவர்கள்தான். பறவைமேல் உள்ள ஆசையிலேயே அதைத் துரத்திவிடுவார்கள்.

ஜன்னலைச் சாத்தினாள். நோட்டில் அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. பறவை விழுகிற காட்சியை மறுபடி ஒரு தரம், அரங்குக் கதவுகள் திறப்பதற்கு முன், சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை டவரைப் பார்க்கவில்லை. பெண் பறவையைப் பார்த்தாள். கூட்டில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி, வெறும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அது. ஆண் திரும்பி வரும்வரை இமைக்கவில்லை.

போனை எடுத்தாள். "மேல வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவன் ஐந்தே காலுக்கு வந்தான். நீல நிறத்தில் புதுச் சட்டை. காலரில் தொங்கிய விலை அட்டையை எடுக்க மறந்திருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"கூட்டத்தைப் பார்த்தியா? மாஸ்டர் என்னை மேடையேத்திப் பேசச் சொல்றார். எனக்குத் தொண்டையே..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "என்ன?"

அவள் கதவைத் தாழிட்டாள். அறையில் இருந்த சின்னத் திரையை அணைத்துவிட்டு, கண்ணாடித் துவாரத்தைக் காட்டினாள். "பெரிய திரையில பாருங்க. அரங்கு இன்னும் திறக்கல."

நாற்பத்தொரு விநாடி ஓடியது. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ, இந்தச் சைஸ்ல நான் பார்த்ததே இல்லியே! அந்தக் கண்ணைப் பார்த்தியா?"

"பறவையைப் பார்க்காதீங்க. மேல பாருங்க."

"எங்க?"

"மேல. முகட்டுல."

மறுபடி ஓட்டினாள். அவன் பார்வை மேலே போனது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தோள் இரண்டும் இறங்கின. துவாரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நான் பார்க்கவே இல்ல," என்றான். "மூணு வருஷமும் பறவையை மட்டும்தான்..." எல்லைக்கல் ஒரு விரல்கடை நகர்ந்திருந்தால்கூடக் கண்டுபிடிக்கிறவன். "நீ எப்படி?"

"அந்தத் தட்டை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ஜன்னல்ல ஒன்பது நாள் அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவன் திரும்பவில்லை.

"ரெண்டு பஸ் எதுக்கு மாறினீங்க?"

"பின்பக்கமா ஏறணும். இந்தப் பக்கம் போனா யாராவது பார்த்துடுவாங்க."

"சிக்னல் இல்லேன்னு சொன்னீங்க."

அவன் காலரில் தொங்கிய விலை அட்டையைப் பிய்த்தான்.

"டவருக்கு அடியில உட்கார்ந்துக்கிட்டு சிக்னல் இல்லேன்னு சொன்னீங்க."

"அணைச்சு வெச்சிருந்தேன்." மிகவும் மெதுவாகச் சொன்னான். "போன் வந்தா இறங்கி வந்துடுவேன்னு பயம். உன் குரலைக் கேட்டா உட்கார முடியாது. அதனால அணைச்சு வெச்சேன். இப்படி ஆகும்னு நினைக்கல. வந்தப்புறம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீயே தூரம்தானேன்னு சொன்னே. அதைப் பிடிச்சுக்கிட்டேன்."

அவள் அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். அழவில்லை. கதவை யாரோ தடதடவென்று தட்டினார்கள்.

"ஆபரேட்டரம்மா! ஹவுஸ்ஃபுல்! படிக்கட்டுல உட்காரவெக்கலாமான்னு கேட்கறாங்க. சர்வேயர் அங்கயா இருக்கார்?" நீச்சல் மாஸ்டரின் குரல் குளத்துக்கு அக்கரை வரை கேட்கிற குரல்.

"இங்கதான் இருக்கார் மாஸ்டர். பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம் பத்து நிமிஷமா இருக்கணும்!" காலடிச் சத்தம் இறங்கிப் போனது.

"நிறுத்திடு," என்றான் அவன். "வேற ஏதாவது ஓட்டு. மெஷின் ரிப்பேர்னு சொல்லிடு. இன்னிக்கு ஓட்டினா நாளைக்கு அதுங்க காலி."

"அந்த இடத்தை மட்டும் வெட்ட முடியாதா?"

"மூலம் வீட்டு டிஸ்க்ல இருக்கு. வெட்டி மறுபடி எடுக்க அஞ்சாறு மணி நேரம் ஆகும். நிறுத்திடு. பரவாயில்ல."

பரவாயில்லை என்று சொல்கிறவனின் கை, புதுச் சட்டையின் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்காக அவன் மூன்று வருஷம் பாறையில் குந்திக் கிடந்தது அவளுக்குத் தெரியும். அவள் எத்தனை கோபத்தில் இருந்தாலும், அந்தப் பறவை விழுந்த விதம் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. பதினாறு வருஷத்தில் அந்தத் திரையில் அப்படி ஒன்று ஓடியதில்லை.

"லென்ஸை மூடினா திரை கறுப்பாயிடும். நாற்பத்தொரு விநாடி," என்றாள். "ஆனா பறவையும் போயிடும். இருங்க."

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தடித்த கறுப்பு அட்டையை இழுத்தாள். பழைய போஸ்டர் ஒன்றின் முதுகுப்புறம்.

"இதை லென்ஸை ஒட்டிப் பிடிச்சா மொத்தப் படமும் மங்கிடும். ரெண்டு முழம் தள்ளி, வெளிச்சம் விரியற இடத்துல மேலேர்ந்து இறக்கினா, மேல் பாதி மட்டும் இருட்டும். ஓரம் கூர்மையா விழாது. பஞ்சு மாதிரி விழும். மேகம் இறங்கின மாதிரி இருக்கும்."

"கை ஆடினா?"

"ஆடாது."

"நான் பிடிக்கறேன்."

"உங்களுக்கு இப்பவே ஆடுது. நீங்க நேரம் மட்டும் சொல்லுங்க."

இருவரும் ஒரு தடவை ஒத்திகை பார்த்தார்கள். அட்டையை ஓர் அங்குலம் கூடுதலாக இறக்கினால் பறவையின் தலை போயிற்று. அரை அங்குலம் ஏற்றினால் டவரின் நுனி எட்டிப் பார்த்தது. நடுவில் ஒரு நூலிழை இடம். சுவரில் பென்சிலால் அவள் முழங்கை உயரத்துக்கு ஒரு கோடு கிழித்தான் அவன். முழங்கை அந்தக் கோட்டில் இருக்கும்வரை பத்திரம். அளக்கத் தெரிந்தவன் கிழித்த கோடு.

கதவுகள் திறந்தன. நானூறு பேர் உட்கார்கிற சத்தம் அறைக்குள் வந்தது. மேடையில் அவன் மூன்று வாக்கியம் பேசிவிட்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று மேலே ஓடிவந்துவிட்டான். "கூச்சக்காரர்!" என்று மாஸ்டர் மைக்கில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். விளக்கு அணைந்தது.

பத்து நிமிஷம் போயிற்று. பதினைந்து. கீழே யாரோ இருமினார்கள். யாரோ குஞ்சைப் பார்த்து "அடடா" என்றார்கள். அவள் அட்டையைத் தூக்கிக்கொண்டு இடத்தில் நின்றாள். அவன் அவள் தோளுக்குப் பின்னால், கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். சோப்பு வாசனையும் வியர்வையும் அவள் கழுத்தில் பட்டன.

"பத்து. ஒன்பது. எட்டு." அவன் காதோரம் எண்ணினான். "மூணு. ரெண்டு. இப்ப."

இறக்கினாள். முழங்கை கோட்டில் நின்றது. திரையின் மேல் பாதியில் மென்மையான இருட்டு வந்து முகட்டைத் தின்றது. கீழே பாறை விளிம்பும் பறவையும் மட்டும் வெளிச்சத்தில். அரங்கில் சத்தமே இல்லை. "மேகம் வருது பாரு" என்று முன்வரிசையில் ஒரு குரல் கிசுகிசுத்தது.

"ஏழு," என்றான் அவன். "எட்டு. கொஞ்சம் ஏத்து. போதும்."

தோள் வலிக்கத் தொடங்கியது. போன வருஷத்துத் தையல், கையைத் தூக்கினால் வயிற்றில் இன்னும் இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டாள். படிக்கட்டில் டிரோன் பையோடு உட்கார்ந்திருந்தவன் கழுத்தை நீட்டி, திரையின் மேலோரத்தையே உற்றுப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் மூச்சை அடக்கினாள். அங்கே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

"இருபத்தி ரெண்டு. விழப் போகுது."

பறவை சிறகை மடித்தது. விழுந்தது. நானூறு பேரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். டிரோன்காரனும் தன்னை மறந்து கீழே பார்த்தான்.

"முப்பது," என்றான் அவன். "முப்பத்தி ஒண்ணு. உனக்கு வலிக்குதா?"

அவள் கையை இறக்க முடியாது, திரும்ப முடியாது. மூன்று வருஷமாகத் தொண்டையில் உட்கார்ந்திருந்தது, அவள் திரையைப் பார்த்தபடியே இருக்க, தானாக வெளியே வந்தது.

"நாளன்னிக்குப் போகாதீங்க. இந்த வருஷம் என்கூட இருங்க."